நாலடி ரீஃப் தொட்டிக்கு வேவ்மேக்கர்: எத்தனை, எந்த அளவு, எங்கே பூட்டுவது?

உப்புவெளி_தொட்டி எழுதியது:

வணக்கம். என் ரீஃப் தொட்டிக்கு (பவளம் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி) புது வேவ்மேக்கர், அதாவது உள்ளே தண்ணீரைத் தள்ளி ஓட்டம் தரும் பம்ப், வாங்க வேண்டியிருக்கிறது. காசைக் கொடுப்பதற்கு முதல் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்போம் என்று எழுதுகிறேன்.

தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கண்ணாடி 12 மில்லிமீற்றர். கீழே உள்ள சம்ப்பில் (துணைத்தொட்டியில்) 80 லீற்றர் அளவில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் சம்ப்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி பின்கண்ணாடியின் நடுவில். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பின் பெட்டியில் 3,000 லீற்றர் என்று போட்டிருந்தாலும், மேலே வந்து விழுவதை வாளியில் பிடித்து அளந்தால் மணித்தியாலத்துக்கு 1,700 தான். பாறை இரண்டு குவியல், அதில் இடது குவியல் உயரம். பாறைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. மணல் அரை மில்லிமீற்றர் வரும் மெல்லிய மணல், 4 சென்ரிமீற்றர் தடிப்பு.

கோறல் (பவளம்) வகைகள்: வலது பக்க மணலில் டோர்ச்சும் ஹாமரும், நடுத்தட்டில் சோவா, இடது குவியலில் ஒரு பெரிய லெதர், உச்சியில் பிளேட் மொன்டிபோரா இரண்டு. பிறகு உச்சியில் அக்ரோபோரா வைக்கவும் எண்ணம்.

இப்போது இருப்பது இடது பக்கக் கண்ணாடியில் ஒரேயொரு ஏசி வேவ்மேக்கர். 12,000 லீற்றர், 35 வொட், வேகம் மாற்ற முடியாது. வலது முன்மூலையில் மணல் குழியாகி அடிக்கண்ணாடி தெரிகிறது. டோர்ச்சின் கைகள் எந்த நேரமும் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு தலையில் சதை விளிம்பை விட்டு விலகி எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. பாறைக்குப் பின்னால் கழிவு படிந்து, அதன்மேல் சிவப்புப் பாசி படலமாக நிற்கிறது. கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் மத்தியானம் தண்ணீர் 29.5 பாகைக்குப் போகிறது.

இன்னும் பெரிய பம்ப் ஒன்று வாங்குவதா, சின்னதாக இரண்டு வாங்குவதா? எந்த இடத்தில் பூட்டுவது? கரன்ட் போனால் என்ன செய்வது?

*

சுழியோடி எழுதியது:

தம்பி, மணல் குழிக்கும் டோர்ச்சுக்கும் பின்பக்கப் பாசிக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். தண்ணீர் ஒரே திசையில் போகிறது. போய் வலது கண்ணாடியில் முட்டி, மூலையில் கீழே இறங்கி, மணலைத் தோண்டிக்கொண்டு டோர்ச்சின் பக்கமாகத் திரும்புகிறது. பாறைக்குப் பின்னால் போவதற்கு அதற்கு வழியே இல்லை. இதைவிடப் பெரிய பம்ப் போட்டால் குழிதான் பெரிதாகும், பின்பக்கம் இப்படியேதான் கிடக்கும். பம்ப் வாங்கும்போது அது தள்ளும் தண்ணீர் எந்த வழியால் திரும்பி வரும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். லீற்றர் கணக்கு அதற்குப் பிறகு.

ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 122 × 61 × 61 சென்ரிமீற்றர் தொட்டியின் மொத்தக் கொள்ளளவு 454 லீற்றர். மேலே விட்டிருக்கும் வெற்றிடம், மணல், பாறை எல்லாம் கழித்தால் தண்ணீர் 380 லீற்றர் அளவில் வரும். சம்ப்பில் இருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். லெதர், காளான் கோறல் போன்ற மென்மையானவை மட்டும் என்றால் தொட்டித் தண்ணீரைப்போல மணித்தியாலத்துக்கு 10 தொடக்கம் 20 மடங்கு ஓட்டம் போதும். டோர்ச், ஹாமர் போன்ற எல்பிஎஸ் (பெரிய பொலிப் கொண்ட கல்பவள) இனங்களுக்கு 20 தொடக்கம் 30. அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (சிறிய பொலிப் கொண்ட கல்பவள) இனங்களுக்கு 40க்கு மேல். உங்களுடையது கலப்புத் தொட்டி. 30 தொடக்கம் 40 மடங்கு என்று எடுத்தால் 11,400க்கும் 15,200க்கும் இடையில் வருகிறது. ரிட்டர்ன் பம்ப்பின் 1,700 லீற்றர் ஒரு சிறிய பங்குதான், அதை ஓட்டம் என்று எண்ண வேண்டாம். அதன் வேலை தண்ணீரைச் சம்ப்புக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது.

இப்போது இருக்கும் 12,000உம் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அப்படியிருந்தும் இத்தனை தொல்லை.

என் தெரிவு: வேகம் மாற்றக்கூடிய டிசி வேவ்மேக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் 8,000 தொடக்கம் 10,000 லீற்றர். இரண்டையும் முழு வேகத்துக்குக் கீழேயே ஓட்டலாம். பெட்டியில் போட்டிருக்கும் எண் புது பம்ப்புக்கு, அதன் வெளிக்கூடு சுத்தமாக இருக்கும் நிலைக்கு உரியது. சுண்ணாம்பும் பாசியும் பிடிக்கப் பிடிக்க அது இறங்கும், அதற்காகக் கொஞ்சம் மிச்சம் வைத்து வாங்க வேண்டும். எப்போதும் 100 வீதத்தில் ஓட வேண்டிய பம்ப் அந்தத் தொட்டிக்குச் சிறியது.

குழாய் வாய் வைத்த பழைய வகைப் பவர்ஹெட் வாங்காதீர்கள். அது ஒடுங்கிய, வேகமான தாரையாக விடும். கிட்ட இருக்கும் கோறலின் சதையை உரிக்கும், தூரத்தில் பலம் இருக்காது. விசிறி வைத்த வேவ்மேக்கர் அதே வொட்டுக்கு மிகக் கூடுதலான தண்ணீரை அகலமாகத் தள்ளும். எந்தத் தாரைக்கும் ஒரு பொது இயல்பு உண்டு: பம்ப்பிலிருந்து தூரம் இரட்டிப்பானால் நடுவில் ஓடும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதனால் கோறலை 10 சென்ரிமீற்றர் தள்ளி வைப்பது பம்ப்புக்குக் கிட்ட என்றால் பெரிய மாற்றம், மற்ற அந்தத்தில் என்றால் மாற்றமே தெரியாது.

பூட்டும் இடத்துக்கு வருவோம். இடது குவியல் உயரம் என்பதால் இடது பம்ப்பை முன்பக்கம் கொண்டுவாருங்கள்: முன்கண்ணாடியிலிருந்து 18 சென்ரிமீற்றர், நீர்மட்டத்திலிருந்து பம்ப்பின் நடுப்பகுதி 12 தொடக்கம் 15 கீழே. முகத்தைக் கொஞ்சம், 10 பாகை அளவில் மேலே தூக்கிவிடுங்கள். தாரை மேற்பரப்பைத் தொட்டு விரிந்து போகும், மூலையில் நேராக இறங்காது. வலது பம்ப்பைப் பின்பக்கம் வையுங்கள்: பின்கண்ணாடியிலிருந்து 15 சென்ரிமீற்றர், நீர்மட்டத்திலிருந்து 20 கீழே, வலது குவியலின் மேலாக இடது பின்மூலையைப் பார்க்கும்படி. இடது பம்ப் முன்பக்கத்தால் தள்ளுவதை வலது பம்ப் பின்பக்கத்தால் திருப்பிக் கொண்டுவரும். இரண்டும் மாறி மாறிக் கூடிக் குறையும்போது சுற்று உடைந்து குழம்பும். பவளத்துக்கு வேண்டியது அந்தக் குழப்பம்தான். ஓட்டம் ஒரே பக்கமாக இருந்தால் கோறலின் மறுபக்கத்தில் தண்ணீர் தேங்கி, அதன் சதையை ஒட்டியே ஒரு மெல்லிய அசையாத படை நிற்கும். ஒட்சிசன் உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அந்தப் படைக்கூடாகத்தான். திசை மாறினால் அந்தப் படை எல்லாப் பக்கத்திலும் மெலிந்துபோகும்.

திருகோணமலை நிலாவெளிக்குக் கிட்ட உள்ள புறாமலைத் தீவில் ஆழம் குறைந்த பக்கத்தில் முகமூடி போட்டு இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அலை வரும்போது தண்ணீர் ஒரு பக்கம் இழுத்து, திரும்பும்போது மறுபக்கம் இழுக்கும். மான்கொம்புக் கோறலின் கிளைகளுக்கு இரண்டு பக்கமும் சமமாக ஓட்டம் கிடைக்கிறது. அந்தப் போக்கைத்தான் தொட்டிக்குள் கொண்டுவர வேண்டும். (அங்கே பார்ப்பதோடு நிறுத்துங்கள். அது தேசிய பூங்கா, ஒரு துண்டும் எடுக்கக் கூடாது.)

ஒன்றை மறக்காமல் செய்யுங்கள். பம்ப்பின் உயரத்தை ரிட்டர்ன் ஓடும்போது அளக்காதீர்கள். ரிட்டர்னை நிறுத்தி, தண்ணீர் ஓவர்ஃப்ளோ விளிம்புவரை இறங்கிய பிறகு அளவுங்கள். அந்த மட்டத்திலிருந்தும் கூட்டின் மேல்விளிம்பு 5 சென்ரிமீற்றராவது கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிட்டர்ன் நின்ற நேரத்தில் வேவ்மேக்கர் காற்றை இழுத்துத் தொட்டி முழுக்கக் குமிழியாக்கும், அச்சும் தேயும்.

டோர்ச்சை வலது மூலையிலிருந்து எடுத்து, இடது குவியலின் அடிவாரத்தில் நடுப்பக்கமாக வையுங்கள், பாறையின் மறைவு கிடைக்கும். ஒரே முறை நகர்த்தி அங்கேயே விடுங்கள். நாளுக்கு ஓர் இடம் மாற்றினால் அதற்கு இன்னும் கேடு. ஓட்டம் சரி என்பதற்கு அடையாளம், கைகள் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்வது. சாய்ந்தபடியே நின்றால் ஓட்டம் கூடுதல். அசையாமல் நின்றால் குறைவு. லெதரை எதிர்மாறாக ஓட்டம் கூடின இடத்தில் விடுங்கள், அது மெழுகுபோன்ற தோலை உரிக்கும் காலத்தில் அந்தத் தோல் கழுவுப்பட்டுப் போக வேண்டும். பிளேட் மொன்டிபோராவின் குழிவில் கழிவு தங்கக்கூடாது. தங்கினால் அடியில் இருக்கும் சதை வெளுத்துச் செத்துவிடும்.

*

கொட்டியாறு எழுதியது:

சுழியோடி சொன்ன இடங்கள் சரி. நான் சூட்டையும் கரன்டையும் பற்றிச் சொல்றேன். நம்மட திருகோணமலைக்கு இது இரண்டும்தான் பெரிய பிரச்சின.

தண்ணிக்குள்ள மூழ்கி ஓடுற பம்ப் எத்தன வொட் எடுக்குதோ அவ்வளவும் கடைசியில சூடாகத்தான் தொட்டிக்குள்ள சேரும். தண்ணிய அசைக்கப் போற சக்தியும் உராய்ஞ்சு சூடாகித்தான் முடியும். உங்கட 35 வொட் பம்ப் ஒரு நாளைக்கு 0.84 யூனிட். தொட்டியும் சம்ப்பும் சேர்த்து 460 லீற்றர். சூடு வெளியே போகாம அப்படியே நின்றா ஒரு நாளைக்கு ஒன்றரைப் பாகைக்கு மேல ஏத்தும். உண்மையில சூடு கண்ணாடியாலயும் மேற்பரப்பாலயும் போய்க்கொண்டே இருக்கும், அதால அவ்வளவு ஏறாது. ஆனா வெளியில 34 பாகை அடிக்கிற மத்தியானத்தில கண்ணாடியால சூடு உள்ளுக்குத்தான் வரும். அந்த நேரம் வெளியே போற வழி ஆவியாகிறது ஒன்றுதான்.

அதுக்கும் ஒரு கணக்கு: ஒரு நாளைக்கு 1 லீற்றர் தண்ணி கூடுதலா ஆவியானா அது எடுத்துக்கொண்டு போற சூடு 28 வொட்டுக்குச் சமன். அப்போ 35 வொட் ஏசி பம்ப்ப எடுத்துப்போட்டு, ரெண்டு டிசி பம்ப்பும் சேர்த்து 18 வொட்டில ஓடினா, அரை லீற்றருக்குக் கூடுதலா ஆவியாக்குற வேலை மிச்சம். வாங்கும்போது லீற்றரை வொட்டால பிரிச்சுப் பாருங்க. ஒரே ஓட்டத்துக்கு 10 வொட்டும் இருக்கு, 30 வொட்டும் இருக்கு. வோர்டெக் மாதிரி மோட்டர் கண்ணாடிக்கு வெளிய நிக்கிற வகையில மோட்டர்ட சூடு பெரும்பாலும் வெளியிலயே போயிடும். விலைதான் கூட.

மேற்பரப்புக்கு மேல 12 வோல்ட் கம்பியூட்டர் ஃபேன் ரெண்டு சரிச்சு வையுங்க. கச்சான் அடிக்கிற ஆனி, ஆடி, ஆவணியில காற்று காஞ்சு இருக்கும், ஃபேன் நல்லா வேலை செய்யும். வாடைக்காற்று மாரியில ஈரப்பதம் கூட, ஆவியாகிறது குறையும், ஆனா அப்போ வெளிச்சூடும் குறைவு, சமாளிக்கலாம். ஆவியான தண்ணிக்கு ஆர்ஓ (உப்பு நீக்கி வடிகட்டின) தண்ணிதான் விடணும். கடல் பக்கத்துக் கிணத்துத் தண்ணியில உப்பும் கடினமும் இருக்கும், அத விட்டா நாளுக்கு நாள் தொட்டியில ஏறிக்கொண்டே போகும்.

கரன்ட் போனா: கடல்தண்ணி 25 பாகையில லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில 6.2 தான். சூடு கூடக் கூட மீனுக்கும் பவளத்துக்கும் தேவை கூடும், தண்ணியில இருக்கிறது குறையும். இரவில பவளம் ஒட்சிசன் தராது, எடுக்கும். அதால கரன்ட் போன இரவு பகல விட ஆபத்து. ரெண்டு பம்ப்பில ஒன்ற மட்டும் பற்றரியில போடுங்க. மேற்பரப்பத் தொடுற இடது பம்ப்தான் அதுக்குச் சரி. 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி ரெண்டைத் தொடரா இணைச்சா 24 வோல்ட், 168 வொட்-மணி. ஈயப் பற்றரியில பாதிக்கு மேல இறக்கக் கூடாது, அப்போ 84. பம்ப்ப 8 வொட்டுக்குக் குறைச்சு விட்டா 10 மணித்தியாலம் ஓடும். பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலயே 3 அம்பியர் ஃபியூஸ் போடுங்க. சார்ஜ் ஏறும்போது 24 வோல்ட் பற்றரி 28 வரைக்கும் போகும், சில கொன்ட்ரோலர் அதத் தாங்காது. அடாப்டர்லயும் கொன்ட்ரோலர்லயும் எழுதியிருக்கிற வோல்ட்டேஜப் பார்த்துத்தான் நேரா இணைக்கணும். அதுக்குப் பயமா இருந்தா ஒரு யூபிஎஸ்ல அடாப்டர மட்டும் சொருகுங்க. ரிட்டர்ன் பம்ப்ப அதில போட்டுறாதீங்க, பற்றரி சட்டென்று முடிஞ்சிடும்.

அடாப்டரையும் கொன்ட்ரோலரையும் சம்ப்புக்கு மேல வைக்க வேண்டாம். உப்புப் பொரிஞ்சு பிளக்குக்குள்ள பச்சை பிடிக்கும். ஸ்டாண்டுக்கு வெளிய, சுவரில, தொட்டி விளிம்ப விட உயரத்தில வையுங்க. உயரத்தில வைச்சாலும் ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வர முதல் ஒரு வளைவு கீழ தொங்கி ஏறணும். வயரால வழிஞ்சு வாற தண்ணி அந்த வளைவில சொட்டிப் போகும். மின்கசிவு வந்தா கரன்ட வெட்டுற ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைன்ல தொட்டியே ஓட்டாதீங்க.

*

உப்புவெளி_தொட்டி எழுதியது:

மிக்க நன்றி. கடையில கைர் என்கிற வகைப் பம்ப் ஒன்று போதும், ரெண்டு வேவ்மேக்கர் வேண்டாம் என்கிறார்கள். அது சரியா? பின்பக்கப் பாசிக்கு வலது பம்ப் மட்டும் போதுமா? மணலை மாற்ற நினைக்கிறேன், கடற்கரை மணல் போடலாமா நானா?

*

பவளத்திடல் எழுதியது:

கைர் நல்ல கருவிதான், உங்கள் தொட்டிக்கு நான் சொல்லமாட்டேன். காரணம் இருக்கிறது.

மக்ஸ்பெக்ட் கைர் போன்றவை கிடையான உருளை விசிறியால் தண்ணீரை அகலமான தகடாக மேற்பரப்புக்குக் கீழே தள்ளும். அந்தத் தகடு மறு அந்தம்வரை போய், கண்ணாடியில் கீழே இறங்கி, அடியால் திரும்பி வரும். முழுத் தொட்டியும் சுழலும், அதுதான் அதன் பலம். ஆனால் அடியால் திரும்பி வரும் ஓட்டம் அரை மில்லிமீற்றர் மணலைத் தூக்கும். பாறையின் உச்சி நீர்மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றருக்குள் வந்தால் தகடு அங்கேயே உடைந்துவிடும், உங்கள் இடது குவியல் அப்படித்தான் இருக்கும் போலத் தெரிகிறது. அடியில் மணல் இல்லாத, பாறை தாழ்ந்த, எஸ்பிஎஸ் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு அது முதல் தெரிவு. இன்னொன்று, கைரின் கூட்டு இடுக்குகளும் அச்சுப் புதையும் (புஷ்) மற்ற பம்ப்புகளைவிடச் சீக்கிரம் அடைபடும். 4 தொடக்கம் 6 கிழமைக்கு ஒருக்கால் கழற்றிக் கழுவாவிட்டால் ஓட்டம் கண்ணுக்குத் தெரியக் குறையும். ஒன்றே ஒன்றை நம்பினால் அது நின்ற நாளில் தொட்டியில் ஓட்டமே இல்லை.

சுழியோடியோடு ஓர் இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. வலது பம்ப் பின்கண்ணாடி ஓரமாகத் தள்ளும் ஓட்டம் நடுவில் ஓவர்ஃப்ளோ பெட்டியில் முட்டும். பெட்டி முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் ஓட்டம் அங்கேயே திரும்பும், இடது குவியலின் பின்பக்கத்துக்குப் போய்ச் சேராது. நாலு விரல் இடைவெளியில் வேறு எப்படியும் தண்ணீர் நுழையாது. முதலில் பாறையை முன்னே இழுத்து, கை தாராளமாகப் போகும்படி 10 சென்ரிமீற்றராவது இடைவெளி விடுங்கள். பிறகு 2,000 தொடக்கம் 3,000 லீற்றர் வரும், 3 தொடக்கம் 5 வொட் எடுக்கும் சின்ன பம்ப் ஒன்றை வலது பின்மூலையில், மணலுக்கு 10 சென்ரிமீற்றர் மேலே, பின்கண்ணாடியோடு ஒட்டி இடது பக்கம் பார்க்கும்படி பூட்டுங்கள். இது நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடட்டும். கழிவைத் தரையில் தங்கவிடாமல் தூக்கினால் பெரிய பம்ப்புகள் அதை ஓவர்ஃப்ளோவுக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து ஃபில்டர் பைக்கு.

ஓட்டத்தை மட்டும் நம்பிச் சிவப்புப் பாசி போகுமென்று இருக்க வேண்டாம். இப்போது படிந்திருக்கும் கழிவைத் தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் பம்ப்பைப் போட வேண்டும். எடுக்காமல் போட்டால் அவ்வளவும் ஒரே நேரத்தில் கிளம்பித் தொட்டி முழுக்கப் பரவும். நைட்ரேற்றையும் பொஸ்பேற்றையும் அளந்து பாருங்கள்.

தேங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இலகுவான வழி: ரிட்டர்னை நிறுத்துங்கள். மீன் உணவை மாவாக நொறுக்கித் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, 50 மில்லிலீற்றர் சிரிஞ்சால் பம்ப்புக்கு முன்னால் விடுங்கள். 5 நிமிடத்தில் எங்கே துகள் சேர்ந்து நிற்கிறதோ அதுதான் தேக்கம். அதே துகளை வைத்து வேகமும் அளக்கலாம். கண்ணாடியில் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, துகள் ஒன்று கடக்கும் நேரத்தை எடுங்கள். 3 செக்கன் என்றால் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர். டோர்ச் இருக்கும் இடத்தில் அதில் பாதி இருந்தால் போதும். அக்ரோபோரா வைக்கும் உச்சியில் 10 தொடக்கம் 20 வரவேண்டும். கோறல் வளர்ந்து கிளை அடர்ந்த பிறகு அதே பம்ப்பின் ஓட்டம் உள்ளே போகாது, ஆறு மாதத்துக்கு ஒருக்கால் திரும்ப அளவுங்கள்.

*

கொட்டியாறு எழுதியது:

மணல் கேட்டீங்க தம்பி. வேண்டாம். நம்மட கடற்கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், மெல்லிசா இருந்தா எந்தப் பம்ப்புக்கும் பறக்கும். அதோட குச்சவெளி தாண்டி புல்மோட்டைப் பக்கம் போகப் போக மணலில இல்மனைட் என்ற இரும்பு கலந்த கனிமத்தின் கறுப்புத் துகள் இருக்கும். இல்மனைட்டப் பலமான காந்தம் இழுக்கும். வேவ்மேக்கர்ட சுழலுற பகுதியே காந்தம்தான், துகள் போய் அதில ஒட்டி அச்சுக்கும் புதைக்கும் நடுவில அரைச்சுக்கொண்டே இருக்கும். முதல்ல கிறுகிறு சத்தம் வரும், பிறகு விசிறி ஆடும், கடைசியில நின்றிடும். அரகொனைட் (சுண்ணாம்புக் கனிம) மணல் 1 தொடக்கம் 2 மில்லிமீற்றர் வாங்கிப் போடுங்க. இப்ப இருக்கிற மணலில கறுப்பு இருக்கா என்று பார்க்க, ஒரு பலமான காந்தத்தப் பொலித்தீன் பைக்குள்ள போட்டுக் காஞ்ச மணலுக்கு மேல இழுத்துப் பாருங்க.

மாத்தும்போது முழு மணலையும் ஒரே நாளில அள்ளாதீங்க. மூணில ஒரு பங்கு வீதம், ரெண்டு கிழமை விட்டு.

*

உப்புவெளி_தொட்டி எழுதியது:

அப்படியே செய்கிறேன். டிசி 9,000 லீற்றர் ரெண்டு, ஒரே மொடல், பின்னுக்குச் சின்னது ஒன்று. கொன்ட்ரோலரில எந்த மோடில விடுவது? பழைய ஏசி பம்ப்பை என்ன செய்யலாம்?

*

சுழியோடி எழுதியது:

முதலில் பவளத்திடல் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஓவர்ஃப்ளோ பெட்டி 12 சென்ரிமீற்றருக்கு மேல் நீட்டியிருந்தால் வலது பம்ப்பைப் பின்கண்ணாடியிலிருந்து 22க்குக் கொண்டுவாருங்கள், தாரை பெட்டியைத் தாண்டிப் போகும். பின்பக்கத்தைச் சின்ன பம்ப் பார்த்துக்கொள்ளும்.

ஒரே மொடலாக வாங்குவது நல்லது, ஒன்றை மாஸ்டராகவும் மற்றதை எதிர் ஒழுங்கிலும் இணைக்கலாம். பகலில் ஒன்று 65 வீதம், மற்றது 25 வீதம். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் மாறட்டும். தற்செயல் மோட் இருந்தால் நடுப்பகல் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு அதில் விடுங்கள். இரவில் இரண்டையும் 35க்கு இறக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஒட்சிசன் பற்றி கொட்டியாறு சொன்னது நினைவிருக்கட்டும். நீர்மட்டம் இரவிலும் நெளிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அலை மோட், அதாவது தண்ணீர் முழுக்க ஊஞ்சலாக ஆடுவது, பார்க்க அழகு. மணலுக்குள் தங்கிய தூசியையும் கிளப்பும். தொட்டிக்கென்று ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்துக்குப் பம்ப் துடித்தால்தான் ஆட்டம் வரும். 122 சென்ரிமீற்றர் நீளமும் 55 சென்ரிமீற்றர் தண்ணீரும் என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 1.3 செக்கன், அதாவது 0.65 செக்கன் வேகம், 0.65 செக்கன் ஓய்வு. இதற்கு ஒரு பம்ப் போதும். நடுத்தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும் கூடுதலாகப் போகும், இரு அந்தங்களிலும் மேலும் கீழும் மட்டும் ஆடும். ஆட்டத்தின் உயரம் 2 சென்ரிமீற்றரைத் தாண்ட விடாதீர்கள். 400 கிலோவுக்குக் கிட்டிய தண்ணீர் நாள் முழுக்க ஆடினால் சிலிக்கோன் பொருத்துக்கும் ஸ்டாண்டுக்கும் பாரம். ஓவர்ஃப்ளோவும் மடக் மடக்கென்று விழுங்கும், சம்ப் மட்டமும் ஏறி இறங்கி ஆவியான தண்ணீரைத் தானாக நிரப்பும் ஓட்டோ டொப்-அப் மிதவையைக் குழப்பும். ஒரு நாளில் ஒரு மணித்தியாலம் விட்டால் போதும்.

பூட்டும்போது காந்தம் 12 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 10க்குச் செய்ததை 12இல் பூட்டினால் ஒரு நாள் வழுக்கி விழும். விழுந்த பம்ப் மணலைக் கிளப்பிப் பக்கத்துக் கோறல் எல்லாவற்றையும் மூடும். வயரை மேல்விளிம்பில் ஒரு கிளிப்பால் பிடித்துவிட்டால் வழுக்கினாலும் அடிவரை போகாது. காந்தத்தை மூடியிருக்கும் பூச்சில் வெடிப்போ பழுப்புக் கறையோ கண்டால் அன்றைக்கே வெளியே எடுங்கள், உள்ளே இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. கடல் தாமரை (அனிமோன்) வைக்கும் எண்ணம் இருந்தால் கூட்டுக்கு மேலே ஸ்பொஞ்சு உறையோ வலையோ போடாமல் வைக்கக் கூடாது, அது நடந்து போய் விசிறிக்குள் சிக்கும்.

வேகத்தை மெதுவாக ஏற்றுங்கள். முதல் கிழமை 30, பிறகு கிழமைக்குப் பத்து வீதம். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கழற்றி, ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்த வாளியில் ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். சுண்ணாம்பு தடிப்பாக இருந்தால் லீற்றருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம், அரை மணித்தியாலம். மோட்டர் வெளியே இருக்கும் வகையென்றால் நனையும் பகுதியை மட்டும் ஊறவைக்க வேண்டும். விசிறியை வெளியே இழுத்து அச்சையும் ரப்பர் புதையையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புதை மாற்ற வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவித் திரும்பப் பூட்டும்போது பழைய வீதத்தில் விடாதீர்கள். அடைபட்டிருந்த பம்ப்புக்கு 65 என்று வைத்தது சுத்தமான பம்ப்புக்கு மிகக் கூட. 45இல் தொடங்கி டோர்ச்சைப் பார்த்து ஏற்றுங்கள்.

பழைய ஏசி பம்ப்பை எறிய வேண்டாம். உப்புத் தண்ணீர் கலக்கும் பீப்பாவுக்குள் போடுங்கள். அந்த வேலைக்குச் சூடும் ஒரே வேகமும் குறையில்லை. உப்பு கரைந்து 35 பிபிடிக்கு (ஆயிரத்தில் 35 பங்குக்கு) வந்து, தண்ணீர் தெளிந்த பிறகு எடுத்தால் சரி.